நொறுங்கிய மெழுகு

கணவன் ஹம்மு சம்மதம் சொன்ன நாளிலிருந்தே இத்தோவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கடலுக்குத் தம்பியைப் பறிகொடுத்தவன் ஹம்மு. அந்தத் தம்பியின் ஒரே மகள் ஹஃபீதாவைத் தன் மகள் திலிலாவோடு சேர்த்து, ஒரே பாயில் படுக்கவைத்து, ஒரே தட்டில் உண்ணவைத்து வளர்த்தவன். "கடலுக்கு நம்ம வீட்டுப் பங்கைக் கொடுத்தாச்சு, இனி ஒருத்தரும் அதுல இறங்கக் கூடாது" என்று இத்தனை வருடமும் அதட்டிக்கொண்டுதான் இருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் அலைப்பலகையில் ஏறக் கற்றுக்கொண்டது ஊருக்கெல்லாம் தெரியும். அவனுக்கு மட்டும் போன வாரம்தான் தெரிந்தது.

தெரிந்ததும் கத்தினான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு அலைச்சறுக்குப் பள்ளி நடத்தும் அன்வர் வீடு தேடி வந்து, புதினாத் தேநீர் ஆறும்வரை பேசி, அவன் மனதைக் கரைத்துவிட்டான். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியை வேண்டும். ஹஃபீதாவும் கேட்கிறாள், திலிலாவும் கேட்கிறாள். கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையில் இருவரையும் இறக்கிப் பார்த்து, ஒருத்தியை எடுத்துக்கொள்வான்.

ஒரு வேலை, இரண்டு பெண்கள். அந்தப் பரீட்சைதான் இன்றைக்கு.

காலையில் அவர்கள் கிளம்பும்போது ஹஃபீதா மட்டும் திரும்பி வந்து இத்தோவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"துஆ செய்ங்க பெரியம்மா."

"ரெண்டு பேருக்கும் செய்யறேன், போ."

"ரெண்டு பேருக்கும் செஞ்சா அல்லாஹ் குழம்பிப் போவான்" என்று சிரித்துக்கொண்டே ஓடினாள்.

திலிலா திரும்பிப் பார்க்கவில்லை. பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். பதற்றமாக இருக்கும் என்று இத்தோ நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் தனியாக இருந்தால் மனம் கண்டபடி ஓடுகிறது என்று அடுக்களையைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். அலமாரியில் பலகை மெழுகு ஊற்றிய ஒரு மத்தி மீன் டப்பா இருந்தது. நேற்று மாலை அன்வரின் பள்ளிக்குப் போன மெழுகுப் பெட்டியில் சேராமல் விட்டுப்போனது.

அந்த மெழுகுதான் இப்போது இந்த வீட்டின் பேர். கடையில் வாங்குகிற பலகை மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருவது. கரையில் வழித்துப் போட்டால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். இத்தோ காய்ச்சுவது வேறு. அண்ணன் வக்ரீமின் மலைக் கூடுகளிலிருந்து தேன்மெழுகு, பைன் மரப் பிசின், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பிசின் தீயைக் கண்டால் பற்றிக்கொள்ளும் என்பதால் சட்டியை நேரே அடுப்பில் வைக்கமாட்டாள். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி, பொறுமையாக உருக்கி, மத்தி டப்பாக்களில் ஊற்றி ஆறவைப்பாள். அதைப் பலகையின் மேல் தேய்த்துவிட்டால் ஈரக் கால் பிடித்து நிற்கும். வெறும் பலகை மீன் முதுகு மாதிரி. ஏறியவனைத் தள்ளிவிடும்.

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். மெழுகுக் கட்டி கைநழுவித் தரையில் விழுந்தது.

சில்லுச் சில்லாக உடைந்து அடுப்படி வரை சிதறியது.

இத்தோ அப்படியே நின்றாள். அவள் மெழுகு உடையாது. விழுந்தால் ஓரம் நசுங்கும், அவ்வளவுதான்.

குனிந்து ஒரு சில்லை எடுத்தாள். மேலுக்கு மஞ்சள், உள்ளே வெளுப்பு. முகர்ந்தாள். தேன் வாசனை பேருக்கு இருந்தது, பிசின் வாசனையே இல்லை. பல்லில் வைத்துக் கடித்தாள். நல்ல மெழுகு மெல்ல மெல்ல ஒன்றாகத் திரளும். இது மணல் மாதிரி உதிர்ந்தது.

மெழுகுவர்த்தி! யாரோ கடை மெழுகுவர்த்தியை உருக்கிக் கலந்திருக்கிறார்கள்.

இந்த முறை அவள் காய்ச்சவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று போனவள், குழந்தை பிறந்து திரும்பி வருவதற்குள் பெண்கள் இருவரும் காய்ச்சி ஊற்றி வைத்திருந்தார்கள். அண்ணன் கொடுத்தனுப்பிய மெழுகுப் பாளத்தை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

மழை பொய்த்ததில் அண்ணனின் கூடுகள் பாதி செத்துப்போனது அவளுக்குத் தெரியும். அவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, என்ன மெழுகு கொடுத்தனுப்பினே?"

"என்னது, எடுத்த எடுப்பில சலாம்கூட இல்லாம?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. அதுல மெழுகுவர்த்தி கலந்தியா?"

"இத்தோ, நான் வறுமையில இருக்கேன். திருடனா இல்லை. பாளம் சின்னதுன்னுதான் கொடுத்தேன், கெட்டதுன்னு கொடுக்கலை."

"பொய் சொல்லாதே. பிள்ளைங்க உசுரு இருக்கு இதுல."

"என் சட்டியில எதுவும் விழலை. உன் சட்டியை யார் தொட்டாங்கன்னு உன் வீட்டில கேளு."

அவள் போனைத் துண்டித்தாள். திருடன் எப்போதும் அடுத்த வீட்டைக் கைகாட்டுவான் என்று பொருமினாள். அப்போதுதான் சுரீர் என்று உறைத்தது. அந்தப் பெட்டி அன்வரிடம் இருக்கிறது. இன்றைக்கு முனையில் இறங்குகிறவர்கள் அதைத்தான் தேய்ப்பார்கள்.

திலிலாவின் எண்ணை அழுத்தினாள். மணி உள்ளறையில், தலையணைக்கு அடியில் அடித்தது. அன்வர் எடுக்கவில்லை.

தலைத்துணியைச் சரியாகக்கூடக் கட்டாமல் ஓடினாள்.

சரிவில் இறங்கும்போதே கடலின் சத்தம் கேட்டது. குளிர்காலத்துப் பேரலை. எங்கோ வடக்கே அடித்த புயல் இங்கே வந்து கரையை மோதிக்கொண்டிருந்தது. படகுகள் எல்லாம் மேட்டில் ஏற்றப்பட்டுக் கவிழ்ந்து கிடந்தன. வலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஹம்மு, மனைவி தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்து எழுந்தான்.

"இத்தோ! என்ன?"

நிற்காமல் கையை மட்டும் அசைத்தாள். அவன் ஊசியைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தான்.

முனையில் பாறைகளுக்கு மேல் சின்னக் கூட்டம் இருந்தது. அன்வர் கண்ணுக்கு மேல் கையைக் குடை பிடித்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்வர்! எல்லாரையும் வெளியே கூப்பிடு!"

"சின்னம்மா, பயப்படாதீங்க. ரெண்டும் மீன் குஞ்சுங்க. இப்பத்தான் இறங்கினாங்க—"

"மெழுகு கெட்டது. நேத்து வந்த பெட்டி முழுக்கப் போலி. கால் நிக்காது."

அன்வரின் முகம் மாறியது. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள்.

"உங்க மெழுகா? என்ன சொல்றீங்க சின்னம்மா, ஊரே அதைத்தானே..."

"என் அண்ணன் ஏமாத்திட்டான். மெழுகுவர்த்தியைக் கலந்துட்டான். போதுமா? கூப்பிடு அவங்களை!"

ஊர் நடுவே, உடன்பிறந்தவனைத் திருடன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அதை எண்ணி வெட்கப்படக்கூட நேரமில்லை. அன்வர் விசிலை ஊதினான். செம்மஞ்சள் கொடியைத் தூக்கி ஆட்டினான். காற்று விசில் சத்தத்தைத் தூக்கிக் கரைப்பக்கமே எறிந்தது.

தண்ணீரில் இரண்டு கறுப்புப் புள்ளிகள். இரண்டும் ஒரே மாதிரி ரப்பர் உடை, ஒரே மாதிரி பின்னல். அவ்வளவு தூரத்தில் எது திலிலா, எது ஹஃபீதா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

ஒரு புள்ளி அலையைப் பிடித்தது. கைகளால் தண்ணீரைத் துழாவி, பலகை அலையின் விளிம்புக்கு வந்ததும் எழுந்தது. ஒரு கணம் நிமிர்ந்து நின்றது. யாரோ "சபாஷ்" என்றார்கள்.

அடுத்த கணம் கால் இரண்டும் பலகையை விட்டு முன்னால் பறந்தன. வழுக்கிவிட்டது. உடம்பு மல்லாந்து விழ, அதன் மேல் அலை முழுசாக இடிந்தது.

'திலிலாவா இருக்கக் கூடாது.'

இத்தோ கேட்டுக்கொண்டது அதைத்தான். யா ரப்பி, திலிலாவா இருக்கக் கூடாது. கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே உடம்பு கூசியது. அது திலிலா இல்லையென்றால் வேறு யார்?

பலகை மட்டும் மேலே வந்தது, இரண்டு துண்டாக. அந்த இடத்தில் பாறைகள் தண்ணீருக்குள் ஒளிந்து கிடக்கின்றன என்பது ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும்.

"ஹஃபீதா..." என்று அன்வர் முணுமுணுத்தான். "வெள்ளைப் பலகை. அது ஹஃபீதா."

ஹம்மு அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தான். அந்தப் பேர் காதில் விழுந்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. பாறையிலிருந்து பாறைக்குத் தாவி இறங்கினான். தம்பி போன நாளிலிருந்து, படகின் விளிம்புக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக்கூட நனைக்காதவன் இடுப்பளவு நுரையில் நின்றான். "கயிறு! கயிறு கொண்டாங்கடா!" என்று அவன் அலறியது அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இரண்டாவது புள்ளி கரைக்குத் திரும்பவில்லை. விழுந்தவளை நோக்கிப் போனது.

"வேண்டாம்டி, வேண்டாம்" என்றாள் இத்தோ, யாருக்கும் கேட்காத குரலில்.

திலிலா அலைக்கு அடியில் மூழ்கி மறுபுறம் எழுந்தாள். மறுபடி மூழ்கினாள். எழுந்தபோது அவள் கையில் ஹஃபீதாவின் பின்னல் இருந்தது. அவளை இழுத்துத் தன் பலகையின் மேல் கிடத்தி, தன் உடம்பாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடுத்த அலை இருவரையும் ஒன்றாகத் தூக்கிப் பாறைப் பக்கம் எறிந்தது. அங்கே ஹம்மு இருந்தான். கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் இருந்தார்கள்.

ஹஃபீதாவை மணலில் கிடத்தினார்கள். மூச்சு இருந்தது. காதோரம் ரத்தம். கண் திறக்கவில்லை. "முதுகை அசைக்காதீங்க, யாரும் தூக்காதீங்க" என்று அன்வர் கத்திக்கொண்டே இருந்தான். ஹம்மு அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, "என் தம்பி கொடுத்துட்டுப் போனது, என் தம்பி கொடுத்துட்டுப் போனது" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஹம்மு ஏறிக்கொண்டான். கதவு மூடியது.

கூட்டத்தில் ஒரு பெண் குரல், மெதுவாக, ஆனால் கேட்கவேண்டும் என்றே சொன்னது: "பெத்த மக முழுசா வந்துட்டா, பாத்தியா."

இத்தோ திரும்பவில்லை. அன்வர் கூப்பிட்ட டாக்சி வரும்வரை கரையில் நிற்க வேண்டியிருந்தது. திலிலா மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பற்கள் கிட்ட நடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பலகை. இத்தோ தன் சால்வையை எடுத்து மகளைப் போர்த்தினாள். போர்த்தும்போது பலகையின் மேல் கை பட்டது.

கை ஒட்டியது.

மறுபடி தொட்டாள். வெயிலில் காய்ந்த தேனடை நிறம். பைன் வாசனை. போன மாதம் அவளே காய்ச்சிய மெழுகு.

அலைகள் அடித்து ஒதுக்கிய ஹஃபீதாவின் பாதிப் பலகை கொஞ்ச தூரத்தில் கிடந்தது. இத்தோ நடந்துபோய்ப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாய்ச் செதில், பொடுகு உதிர்ந்த மாதிரி. நகம் பட்டதும் உரிந்து வந்தது.

திரும்பி வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"உன் பலகையில மட்டும் ஏன் பழைய மெழுகு?"

திலிலா சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"திலிலா. என்னைப் பாரு. மாமா கொடுத்த மெழுகில கலப்படம் இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப?"

"பாளம் சின்னதா இருந்துச்சும்மா. பெட்டி நிறையலை. ஹஃபீதா கடைக்குப் போயிருந்தா. நான்தான்... அலமாரியில இருந்த மெழுகுவர்த்தியை எல்லாம் உருக்கி ஊத்தினேன்."

"ஏன்டி?"

"பெட்டி குறைஞ்சா அன்வர் என்ன நினைப்பார்? சொன்னதைச் செய்யத் தெரியாதவங்கன்னு நினைப்பாரு. இந்த வாரம் போய் அப்படி நினைச்சா? கத்துக்குட்டிங்க பலகைக்குத்தானே போகப்போகுதுன்னு நினைச்சேன். மணல் கரையில விழுந்தா யாருக்கு என்ன ஆகும்? சத்தியமா அவ்வளவுதான்மா நினைச்சேன்."

இத்தோவின் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. முட்டாள்தனம். பேராசை. ஆனால் அறியாமல் செய்தது. இதைச் சொல்லலாம், அழலாம், மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்கத்தான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஹஃபீதா எதைத் தேய்ச்சா?"

"பெட்டியிலேருந்து எடுத்தா."

"அவ எடுத்ததை நீ பாத்தியா?"

கடல் இன்னொரு அலையைப் பாறையில் உடைத்தது.

"பாத்தேன்."

"சொன்னியா?"

"சொல்ல வாயெடுத்தேன்மா. சொல்லத்தான் வந்தேன். அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் அவ தண்ணியில குதிச்சிட்டா."

இத்தோ மகளின் முகத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வயது முகம். தன் மூக்கு, ஹம்முவின் புருவம். காலையிலிருந்து இவளுக்காகப் பயந்து பயந்து ஓடிவந்தாள். இப்போது இவளையே பார்க்கப் பயமாக இருந்தது.

பிறகு அவள் செய்தது அவளுக்கே பிடிபடவில்லை. கை நிறைய மணலை அள்ளி மகளின் பலகையில் போட்டு, உள்ளங்கையால் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா செய்யறே?"

"வாயை மூடு. உங்கப்பா ரெண்டு பலகையையும் பார்த்தா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

தேய்த்தாள். தோள் வலிக்கத் தேய்த்தாள். நல்ல மெழுகு. மணல்தான் ஒட்டிக்கொண்டதே தவிர மெழுகு வரவில்லை. உள்ளங்கை சிவந்து எரிந்த பிறகுதான் கை தானாக நின்றது. அங்கே ஒரு பெண் முதுகு உடைந்து போய்க்கொண்டிருக்கிறாள், இங்கே நான் பலகை கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அழுகை வரவில்லை.

"நீதான் அவளைக் காப்பாத்தினே" என்றாள் கடைசியில், யாரிடமோ வாதாடுவது போல. "அதையும் நான் பார்த்தேன்."

திலிலா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "பின்னலைப் பிடிச்சப்போ அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாம்மா. அப்புறம் அவ கை என் பலகை மெழுகுல ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

டாக்சி வந்தது.

அகாதிர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார இடமில்லை. இத்தோவும் திலிலாவும் சுவரோரமாக நின்றார்கள். வழியெல்லாம் அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இப்போதும் அடித்தது. அவன் பேர் ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊர் நடுவே அவனைத் திருடன் ஆக்கியதை இதற்குள் யாராவது அவன் காதில் போட்டிருப்பார்கள். எடுத்து என்ன சொல்வது? உன் மேல் தப்பில்லை என்று சொன்னால், யார் மேல் என்று கேட்பானே.

"நான் அப்பாகிட்ட சொல்லிடறேன்" என்றாள் திலிலா திடீரென்று.

"இப்ப வேண்டாம்."

"அப்புறம் என்னால முடியாதும்மா."

"அவ பிழைக்கட்டும் முதல்ல. உங்கப்பா நெஞ்சுல இப்ப ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு."

அது அவனுக்காகச் சொன்னதா, தனக்காகச் சொன்னதா என்று இத்தோவுக்குத் தெரியவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்கு எங்கோ அழைத்தார்கள். வராந்தாவில் சிலர் எழுந்து போனார்கள். திலிலாவின் விரல்கள் தாயின் விரல்களைத் தேடி வந்தன. இத்தோ கொடுத்தாள். ஆனால் இறுக்கிப் பிடிக்கவில்லை.

கோடியில் கதவு திறந்தது. ஹம்மு வந்தான். சட்டை இன்னும் ஈரம். முழங்கையில் பாறை கிழித்த காயத்துக்கு யாரும் மருந்து போடவில்லை.

"கண்ணைத் திறந்துட்டா" என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்!" இத்தோ சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசறா. என்னைத் தெரியுது. தண்ணி கேட்டா." அவன் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தான். "கால் விரலை அசைக்கச் சொன்னாங்க. ரெண்டு தடவை சொன்னாங்க. அசையலை. காலையில வேற டாக்டர் வந்து பார்த்துத்தான் சொல்லுவாங்களாம்."

திலிலாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையும் இல்லாமல் பேச்சும் இல்லாமல். ஒரு அடி முன்னால் வைத்தாள். "அப்பா—"

ஹம்மு கையை உயர்த்தி அவளை நிறுத்தினான். கோபமாக இல்லை. எதையோ மறந்துவிடாமல் சொல்லி முடிக்க வேண்டும் என்பவன் போல நெற்றியைச் சுருக்கினான்.

"என்கிட்ட ஒண்ணு சொன்னா. புத்தி தெளிவாத்தான் சொன்னா. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, சத்தியம் வாங்கிக்கிட்டு சொன்னா." அவன் மகளைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். "'பெரியப்பா, திலிலாவை ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னா."

வராந்தாவில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அவளை நான் என்ன சொல்லணும், இத்தோ?" என்றான் ஹம்மு. "எதுக்குச் சொல்லணும்?"